விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்திய வண்டி

நவம்பர் 18, திங்கள். பெரகல

பலாங்கொடை வரைக்கும் வெயில். அதற்குப் பிறகு மூடுபனி. வைப்பர் கீச்சிடுகிறது. ரப்பரை மாற்றுங்கள் என்று ஒரு மாதமாகச் சொல்கிறேன், யார் கேட்பது.

வத்தளையில் ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம், ம.வும் நானும். (ம. என்றால் வீட்டுக்காரர். இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியும் பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை. வாயால் சொன்னது மூன்று தடவை. மூன்றும் ஆஸ்பத்திரியில், துண்டுச் சீட்டு எழுதுகிறவர்களிடம்.)

பழைய டொல்பின் வேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில். கட்டிலுக்கடியில் பெட்டிகள். பின் கதவைத் தூக்கினால் கேஸ் அடுப்பு. திரை நான் தைத்தது, பச்சைப் பூ. ரிட்டயர் ஆனதும் மலைநாடு முழுக்க வீட்டோடு சுற்றுவோம் என்று சொல்லிச் சொல்லியே ம. இரண்டு வருஷம் ஆணி அடித்தார். நான் ஒருநாளும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் தப்பு.

எனக்குப் பயம் என்னென்ன என்று எழுதச் சொன்னார், எழுதினால் குறையுமாம்: பிரேக். எதிரே வரும் பஸ். வளைவில் படுத்திருக்கும் மாடு. பள்ளம். பள்ளத்தை மறைக்கிற பனி. ம.வின் தைரியம்.

குறையவில்லை. முன் சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வலது கால் வீங்கியதுதான் மிச்சம்.

இன்று படுக்கை தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில். கடைக்காரர் ம.விடம்: "மேல போறதுன்னா விடியக்காலையிலயே ஏறிருங்க. பின்னேரம் ஆனா மழைங்க, நாலு நாளா இதே கத."

நாலு நாளாக மழை. நல்ல செய்தி.


நவம்பர் 19, செவ்வாய். பண்டாரவளை

அப்புத்தளை ஏற்றத்தில் ஒரு லொறி எங்களைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னது. பின்னுக்கு! ம. எடுத்தார். நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டேன், உருண்டால் குதிக்க. லொறிக்காரப் பையன் சிரித்துவிட்டுப் போனான்.

"நீ மலையில பொறந்தவளா இல்ல நானா?" ம. கேட்கிறார். அவர் பிறந்தது கொழும்பு, கொச்சிக்கடை. நான் லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். மலையில் பிறந்தால் பள்ளம் தெரியாதா? எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வாங்கியது: பெயார்ஸ் பழம் ஆறு, பாண், மெழுகுதிரி, கருவாடு, வாந்திக்கு இஞ்சி டொபி. மறந்தது: வைப்பர் ரப்பர்.

மகள் தாரணி போன் எடுத்தாள். "அம்மா உயிரோட இருக்கீங்களா?" இதுவரைக்கும்.


நவம்பர் 20, புதன். நமுனுகுலப் பக்கம், ஒரு தோட்டத்தின் மேல்கணக்கு, அதாவது மேல் பிரிவு

காலையில் எல்ல டவுன், வெள்ளைக்காரர்களும் டக்டக்குமாக நெரிசல். பல்லேகட்டுவையில் திரும்பியதும் ஒருவரும் இல்லை. தார் போய்ச் சல்லி, சல்லி போய் மண். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஆகாசம். கந்தசஷ்டி சொல்லப் பார்த்தேன், பாதியில் மறந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கினேன், அதே இடத்தில் மறந்தது.

நாலரைக்கு மழைத் தூறல். குடையோடு ஒரு கங்காணி எதிரே வந்தார். "இங்க திருப்ப முடியாதுங்க. இன்னும் ரெண்டு முடக்கு வளைஞ்சு ஏறினா கொழுந்து மடுவம், அங்க போய் நிறுத்திக்கிறுங்க."

மடுவம், கொழுந்து நிறுக்கிற கொட்டகை. இப்போது பாவனையில் இல்லை, பாதிச் சுவர் இடிந்து கிடக்கிறது. முன்னால் வண்டி நிற்கிற அளவுக்குத் தட்டை. பின்னால் மலை, தேயிலை. முன்னால் விளிம்பு. விளிம்புக்கு நேர் கீழே, ஐம்பது அறுபது அடி பணிய, ஒரு லயம். வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று, தகரக் கூரை, காற்றில் பறக்காமல் இருக்கக் கூரைமேல் கல்.

ம. விளிம்பை ஒட்டி நிறுத்தினார், விடிந்ததும் கட்டிலில் இருந்தே மலை தெரியுமாம். நான் இறங்கி அளந்தேன். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே என் இரண்டு எட்டு.

"இதுல நான் படுக்கமாட்டேன். மலப்பக்கம் சேத்து நிறுத்துங்க."

"அங்க வாய்க்கால் இருக்கே, டயர் எறங்கிரும்."

"அடைச்சுட்டு நிறுத்துங்க."

இடிந்த சுவரிலிருந்து நாலு கல் எடுத்தோம். பெரியதை இருவருமாக உருட்டினோம். இடுக்குக்கு ஒரு உரச் சாக்கில் மண். மலைப்பக்கத்து டயர் இரண்டும் அதன்மேல் ஏறி ஜம்மென்று நின்றன. வாய்க்கால் முழுக்கப் புல், தண்ணீர் போகிற வாய்க்கால் மாதிரியே தெரியவில்லை. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். சிக்னல் இல்லை, போகாமல் வட்டம் சுற்றுகிறது.

லயத்திலிருந்து ஒரு பெண் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தாள். பெயர் சரசு. நாற்பதுக்குள் இருக்கும், கொழுந்து பறிக்கிறவள், விரல் நுனியெல்லாம் கறுப்பு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து டயரைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்காவுக்குப் பயமாங்க?"

"இவங்களுக்கு கட்டில்ல இருந்து எறங்கவே பயம்" என்று ம. சிரித்தார். "விளிம்புல நிறுத்தினா விடிய விடிய குந்திக்கிட்டே இருப்பாங்க."

சரசு சிரிக்கவில்லை. "நல்லா தூங்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.


நவம்பர் 21, வியாழன். அங்கேயேதான்

தூங்கினேன்! புறப்பட்டதிலிருந்து முதல் தூக்கம். மழையும் இல்லை. காலையில் மலை தெரிந்தது, ஒப்புக்கொள்கிறேன், அழகுதான்.

பகல் சரசு வீட்டில். தொங்கல் காம்பரா, லயத்தின் கடைசி. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி. அடுப்படிச் சுவர் மலையோடு ஒட்டியிருக்கிறது, கையை வைத்தால் ஈரம். அவள் புருஷன் முருகேசு அடுப்படியில்தான் படுத்திருக்கிறார். மரம் வெட்டும்போது கிளை விழுந்து கால் இரண்டு இடத்தில் முறிவு. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாக்கட்டு. குளிர் தாங்காமல் கட்டிலை அடுப்புப் பக்கம் போட்டிருக்கிறார்கள். சிரிப்பு மட்டும் குறைவில்லை. "ஆறு வாரமா ராசா மாதிரி இருக்கேங்க. தேத்தண்ணி படுக்கைக்கே வருது."

சரசு என் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டாள். கான் வெட்டு என்றேன். சொன்னதும் அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அடுப்பை ஊதினாள். தோட்டத்துப் பிள்ளை வத்தளையில் வீடு கட்டிக்கொண்டு வேனில் உல்லாசம் வந்திருக்கிறதே என்று நினைத்திருப்பாள்.

புறப்படும்போது மெல்லக் கேட்டாள். "நாளைக்கு பதுளைக்கா போறீங்க? இவருக்கு திங்கக்கெழம கிளினிக்கு. பஸ்ஸுல காலை மடக்க முடியல. பதுளையில இவரு தங்கச்சி வீடு இருக்கு, அங்க விட்டா போதும்."

நான் சொன்னது: "எந்தப் பக்கம் போவோம்னு இன்னும் தெரியலையேம்மா."

பொய். பதுளைக்குத்தான். எனக்கு உடனே தோன்றியது பாரம். கட்டிலில் இன்னொரு ஆள், இறக்கம், முடக்கு, பிரேக். ம. வாயைத் திறக்கப் பார்த்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"பரவாயில்லக்கா" என்றாள். போன் நம்பர் கொடுத்தாள். இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.


நவம்பர் 22, வெள்ளி. பதுளை

காலை எட்டுக்கு இறங்கினோம். ம. இரண்டு முடக்கு இறக்கினார். பிறகு, "அந்த மனுசனைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்." தெரியும். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பசறையில் தேத்தண்ணி. பதுளை பதினொன்று. பஸாரில் வைப்பர் ரப்பர் கிடைத்தது! கடைக்கார நானா அதை வைப்பரில் பூட்டியும் கொடுத்தார். ஸ்டேஷன் பக்கத்தில் வண்டியை நிறுத்திச் சோறாக்கினேன். இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டரைக்கு மழை. இதுவரை பார்த்த மழையெல்லாம் மழையே இல்லை. எதிரே உள்ள போர்ட் தெரியவில்லை.

3.15. போனில் முந்தாநாள் படம் போய்ச் சேர்ந்திருக்கிறது. தாரணி பதில்: சூப்பர் அம்மா. டயருக்குக் கீழே என்ன அது?

விளக்கம் எழுதத் தொடங்கினேன். அது கான். தேயிலை மலைக்குக் குறுக்கே வெட்டுவது. மேலேயிருந்து வருகிற மழைத் தண்ணீரைப் பிடித்து ஓரமாக ஓடையில் கொண்டுபோய் விடும். அது இல்லாவிட்டால் தண்ணீர் நேரே கீழே

அதற்குமேல் எழுதவில்லை.

கல்லை எடுக்கவில்லை. வண்டியை முன்னுக்கு எடுத்தோம், கையசைத்தோம், வந்துவிட்டோம். நாலு கல்லும் சாக்கும் அங்கேயே. தண்ணீர் கானில் வரும், கல்லில் முட்டும், தட்டையான இடத்தில் ஏறும், விளிம்பால் இறங்கும். இறங்குகிற இடம் தொங்கல் காம்பரா. பின்சுவர். அடுப்படி. காலை அசைக்க முடியாத ஆள்.

கான் வெட்டினவன் மகள் நான். மழை பிடித்தால் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மண்வெட்டியோடு ஓடுவார். ஒரு கான் அடைத்தால் ஒரு லயம் போச்சு என்பார். ஒரு நாளா, ஆயிரம் நாள் கேட்டிருக்கிறேன். புல் முளைத்திருந்ததால் அது கான் இல்லை என்று ஆகிவிடுமா? எனக்கு அன்றைக்குத் தெரிந்தது இரண்டு எட்டு விளிம்பு மட்டும்தான். என் தூக்கம் மட்டும்தான்.

ம.விடம் சொன்னேன். "நாலு கல்லுதானே, தண்ணி தள்ளிட்டுப் போயிரும்."

"போகாது. நாமதான் சாக்கு வச்சு அடைச்சமே."

அவர் முகத்திலும் ஈ ஆடவில்லை.

சரசு நம்பர்: எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. தொடர்புகொள்ள முடியவில்லை என்று மூன்று மொழியிலும் சொல்கிறது. பதினேழு தடவை.

"வண்டியை எடுங்க" என்றேன்.

"இந்த மழையில அந்த ரோட்டுலயா? நீயா சொல்ற?"

நான்தான் சொன்னேன். போனோம். பசறை ரோட்டில் பாதி வழியில் கல் விழுந்து வண்டிகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "காலையில மண் அள்ள பெக்கோ வந்தாத்தான் பாதை" என்றார். போனில் மண்சரிவு எச்சரிக்கை. பசறை, நமுனுகுல: சிவப்பு.

திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கிறோம். பள்ளம் இல்லை, மேடு இல்லை, சமதரை. பிள்ளையாரே அந்தச் சுவர். அந்தச் சுவர் மட்டும்.


நவம்பர் 23, சனி

5.10. மழை விட்டிருக்கிறது. நம்பர் இன்னும் கிடைக்கவில்லை. புறப்படுகிறோம்.

7.00. பெக்கோ வேலை செய்கிறது. முன்னால் ஆறு வண்டி. பக்கத்தில் நிற்கிற ஆட்டோக்காரர் யாரிடமோ போனில்: "மேல ஒரு லயத்துல மண்ணு வந்திருச்சாம்ல." எந்த லயம் என்று ஓடிப் போய்க் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கேள்விப்பட்டாராம்.

8.20. விட்டார்கள். ரோடு முழுக்கச் சேறு, ஒரு முடக்கில் பாதி ரோடே இல்லை. ம. பாதி இருக்கிற பக்கத்தில் எடுத்தார். நான் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

பி.ப. 1.45. வண்டியில், வழியில், பெக்கோவுக்குக் காத்துக்கொண்டு. நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

மடுவத்துக்கு வண்டி ஏறவில்லை. கடைசி இரண்டு முடக்கு ஓடினோம். கூரை தெரிந்தது. பத்துக் காம்பராவுக்கும் கூரை இருந்தது. இருந்தது என்று சத்தம் போட்டுச் சொன்னேன். கிட்டப் போனதும் தொங்கல் காம்பராவின் பின்பக்கம் தெரிந்தது. சுவர் இல்லை. அடுப்படிக்குள் இடுப்பளவு சிவப்பு மண். மண்ணுக்கு வெளியே கட்டில் கால் ஒன்று.

ம.தான் கத்தினார், "முருகேசு! முருகேசு!"

"இங்க இருக்கேங்க" என்று லயத்துக்கு அடுத்த பள்ளிக்கூடத்திலிருந்து பதில். லயத்து ஆட்கள் எல்லோரும் அங்கேதான். முருகேசு இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அதில் படுத்திருந்தார். இருட்டுகிற நேரத்தில் சுவர் வீங்குவதைச் சரசு பார்த்திருக்கிறாள். பக்கத்துக் காம்பரா ஆட்கள் மூன்று பேர் வந்து அவரை மட்டும் தூக்கி முன்னறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாசல் தாண்டவில்லை, சுவர் படுத்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு கிழவர் சொன்னார். மாக்கட்டு மழையில் ஊறிப் பிட்டுப் பிட்டாகக் கொட்டுகிறது. கால் வீங்கி மினுங்குகிறது. இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

நான் நேரே கானுக்குப் போனேன். மூன்று கல் எடுத்து ஓரமாக வரிசையாய் வைத்திருந்தது. பெரிய கல் அப்படியே. சாக்கு அப்படியே, அதன்மேல் மேலேயிருந்து வந்த மண்ணும் செத்தையும் அடைத்து ஒரு கட்டு மாதிரி. தண்ணீர் இன்னும் அதைச் சுற்றி விளிம்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

யாருக்கும் காத்திருக்கவில்லை. கையால் பிடித்து இழுத்தேன். ம. எங்கேயோ அலவாங்கு வாங்கிவந்து கல்லை நெம்பினார். லயத்து ஆள் ஒருவர் மண்வெட்டி கொண்டுவந்தார், அதை வாங்கிக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷமாகக் கையில் பிடிக்காத மண்வெட்டி. கல் புரண்டதும் தண்ணீர் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் போயிற்று. நேற்று இரண்டரைக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர்.

முருகேசுவைப் பலகையோடு தூக்கி வந்து எங்கள் கட்டிலில் போட்டோம். பச்சைப் பூத் திரைக்குக் கீழே கால். சரசு அவர் தலைமாட்டில். பதுளை ஆஸ்பத்திரிக்கு. கேட்டபோது கொண்டுபோகாத அதே பதுளைக்கு.

இப்போது நடுவழியில் நிற்கிறோம், முன்னால் மறுபடி மண் இறங்கியிருக்கிறது. மழை திரும்பத் தூறுகிறது. மலைப்பக்கம் ரோட்டுக் கான் நிரம்பி ஓடுகிறது. வண்டி விளிம்புப் பக்கம். ம. திரும்பி என்னைப் பார்த்தார், தள்ளி நிறுத்தவா என்று. வேண்டாம் என்று தலையாட்டினேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் வேண்டாம்.

முருகேசு கண்ணயர்ந்ததும் சொன்னேன்.

"சரசு. கான்ல கல்லு வைக்கச் சொன்னது நான்தான். எங்க வீட்டுக்காரரு இல்ல."

"தெரியுங்கக்கா."

"போகும்போது எடுக்க மறந்துட்டேன்."

"நீங்க போன பின்னாடி நான் மூணு எடுத்தேன். பெருசு அசையல. ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்து எடுப்போம்னு இருந்தேன், அதுக்குள்ள மழை வந்திருச்சு."

"அன்னைக்கே பாத்தியே. அன்னைக்கே ஏன் சொல்லல?"

புருஷன் காலுக்குமேல் போர்வையைச் சரிசெய்தாள்.

"நீங்க அவ்வளவு பயந்தீங்க. வந்தவங்க ஒரு ராத்திரியாச்சும் தூங்கட்டுமேன்னு இருந்துட்டேன்."

அழக்கூட யோக்கியதை இல்லை எனக்கு.

2.10. பெக்கோ ஒதுங்கிவிட்டது. ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் பாதை, விளிம்பு ஊறிப்போயிருக்கிறதாம். டயருக்கு முன்னால் யாராவது நடந்து தரை தாங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். சரசு முருகேசுவின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ம. ஸ்டியரிங்கில்.

மண்வெட்டி வண்டியில் இருக்கிறது. இறங்குகிறேன்.